ரிவஸ்டன் ஏற்றத்துக்கு எந்த ஒயில்?

யாழ்ப்பாணத்தில் விடிகாலையில் புறப்படும் பைக் ஒன்று ஏ9 வீதியில் தம்புள்ளையை எட்டும்போது ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஓடி முடித்திருக்கும். பெரும்பாலும் சமதரைதான். எஞ்சின் ஒரே சீராகச் சுழலும், எதிர்க்காற்று தாராளமாக அடிக்கும், வெயில் ஒன்றுதான் பகை. நாவுல, நாலந்தா, பலாபத்வல என்று மாத்தளைக்கு வந்து, நகரத்தில் இரத்தோட்டை வீதியைப் பிடித்ததும் கணக்கு மாறிவிடுகிறது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 30 கிலோமீற்றர் அளவில் வரும் ரிவஸ்டன் கணவாயோ 1,000 மீற்றருக்கும் மேலே. இடையில் கொண்டை ஊசி வளைவுகள், முதலாம் இரண்டாம் கியர், பாதி பிடித்த கிளட்ச், பின்னால் ஒருவர், பக்கங்களில் பைகள். எஞ்சின் வேகமாகச் சுழல, வண்டி மெதுவாக நகர்கிறது. காற்றை நம்பியே குளிரும் எஞ்சினுக்கு, அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் காற்று குறைவாகக் கிடைக்கிறது.

நெடும்பயணத்துக்கு எந்த எஞ்சின் ஒயில் சரி என்று கேட்பவருக்கு இந்த இரண்டு பாதைகளையும் மனதில் வைத்தே பதில் சொல்ல வேண்டும். கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் விலையைப் பற்றியது: கூடிய விலையுள்ளதைப் போடு. கராஜில் கிடைப்பது தடிப்பைப் பற்றியது: நம் வெயிலுக்குத் தடித்த ஒயில்தான். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை என்பதை அளந்து பார்த்தவர்கள் குறைவு. எண்கள் டின்னின் முதுகிலேயே அச்சாகியிருக்கும்போது அளக்காமல் விடுவதற்குக் காரணம் இல்லை.

முதலில் பைக்கின் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். காரில் எஞ்சின் ஒயில் எஞ்சினை மட்டும் பார்த்துக்கொள்கிறது. கியர்பெட்டிக்கு வேறு ஒயில், கிளட்ச் உலர்ந்தது. நம் பல்சரிலும் அப்பாச்சியிலும் எஃப்இசட்டிலும் ஒரே ஒயில்தான் பிஸ்டனுக்கும் கியர்ப் பற்களுக்கும் கிளட்ச் தட்டுகளுக்கும். அதுவும் எவ்வளவு? 150 சிசி எஞ்சினில் ஒரு லீற்றரைச் சற்றே தாண்டும். ஒரு சிறிய காரில் மூன்றரை, நான்கு லீற்றர் பகிர்ந்து சுமக்கும் வெப்பத்தையும் அழுக்கையும் விட, லீற்றருக்கு லீற்றர் கணக்கிட்டால் இங்கே சுமை கடுமையானது. 200 மில்லிலீற்றர் எரிந்து குறைந்தால் காருக்கு அது பெரிதல்ல. பைக்குக்கோ இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எந்த வர்த்தகப் பெயரைத் தேர்ந்தாலும், பெற்றோல் நிரப்பும்போதெல்லாம் ஒயில் மட்டத்தைப் பார்க்காதவருக்குத் தேர்வினால் பயன் இல்லை.

கிளட்ச் ஒயிலில் நனைந்தே வேலை செய்வதால்தான் ஜாஸோ முத்திரை முக்கியமாகிறது. கார் ஒயில்களில் எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக உராய்வு குறைக்கும் சேர்மானங்களைக் கலக்கத் தொடங்கியபோது, அதே ஒயில் பைக்கின் கிளட்ச் தட்டுகளை வழுக்க வைத்தது. ஜப்பானியர்கள் 1998இல் ஜாஸோ டி903 என்ற தரநிலையைக் கொண்டுவந்தார்கள். ஒயிலில் ஊறிய கிளட்ச் தட்டுகளைப் பொறியில் சுழற்றி, வழுக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது, நின்ற நிலையில் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்று மூன்று வகையில் அளந்து எம்ஏ, எம்பி எனப் பிரித்தார்கள். எம்ஏ நன்றாகப் பிடிப்பது, எம்பி குறைவாகப் பிடிப்பது. 2006 திருத்தத்தில் எம்ஏ இரண்டாகப் பிரிந்தது: எம்ஏ1, அதற்கு மேல் எம்ஏ2.

நம் ஊரில் இது ஏட்டளவு விவகாரம் அல்ல. ஹொண்டா டியோ போன்ற ஸ்கூட்டர்களுக்கு எம்பி ஒயில் போடச் சொல்கிறார்கள். அவற்றின் கிளட்ச் உலர்ந்தது, ஆகவே அது சரியே. ஸ்கூட்டரும் பைக்கும் உள்ள வீட்டில் ஒரே டின்னை இரண்டுக்கும் ஊற்றினால், டியோவுக்கு ஒன்றும் ஆகாது. பைக்தான் ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும்: எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. எம்ஏ1க்கும் எம்ஏ2க்கும் இடையிலான வேறுபாட்டைச் சமதரையில் ஓட்டுபவர் உணரவே மாட்டார். பின்னால் ஒருவரையும் மூட்டையையும் ஏற்றி, இரத்தோட்டைக்கு மேலே கிளட்சைப் பாதி பிடித்தபடி வளைவுக்கு வளைவு திரும்புகிறவருக்கு எம்ஏ2 தெளிவாகவே மேல். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே இந்தக் கேள்வியில் எனக்குத் தயக்கம் கிடையாது: மலைக்கு எம்ஏ2.

இதன் பக்கத்தில் அச்சாகும் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம்) எழுத்துகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்எம் 2004இல், எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல். பின்னால் வந்த எழுத்து பைக்குக்கும் நல்லது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவை கார்களை மனதில் வைத்து எழுதப்பட்ட தரங்கள். எஸ்எம்மிலிருந்து மெல்லிய கிரேட்களில் பாஸ்பரஸ் அளவுக்கு 0.08 சதவீதம் என்ற உச்சவரம்பு வந்தது. புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைக் காப்பது நோக்கம். கியர்ப் பற்களையும் கேம் முகத்தையும் தேய்மானத்திலிருந்து காக்கும் துத்தநாகச் சேர்மானத்தோடு வருவதுதான் அந்தப் பாஸ்பரஸ். பைக்குக்கான ஜாஸோவோ 0.08 முதல் 0.12 வரை இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றுக்கு மேல்வரம்பான எண்ணே மற்றதற்குக் கீழ்வரம்பாக இருப்பதைக் கவனியுங்கள். ஜாஸோ முத்திரை இல்லாத எஸ்பி கார் ஒயிலை விட, முத்திரையுள்ள எஸ்எல் ஒயில் பைக்குக்கு உகந்தது.

இனி எண்கள். 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கானது. 20டபிள்யூ ஒயிலின் குளிர்த் தொடக்கச் சோதனை மைனஸ் 15 பாகையில் நடக்கிறது, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25இல். ரிவஸ்டனுக்கு அப்பாலுள்ள பிட்டவல பத்தனையில் மார்கழிப் பனியில் விடியும்வரை நிறுத்தி வைத்த பைக்குக்கும் இந்தச் சோதனைகளுக்கும் வெகு தூரம். காலையில் முதல் சில விநாடிகளுக்கு 10டபிள்யூ சற்று விரைவாக மேலே ஏறும் என்பது உண்மை. அந்தச் சில விநாடிகளுக்காக மாத்தளையில் எவரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பின்னால் உள்ள எண்ணில்தான் நம் வழக்கு இருக்கிறது. அது 100 பாகையில் ஒயிலின் தடிப்பைச் சொல்கிறது: 30 கிரேட் என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை, சென்டிஸ்டோக்ஸ் அளவில். இதைவிட முக்கியமான, டின்னில் அச்சிடப்படாத இன்னொரு எண் உண்டு. 150 பாகை வெப்பத்தில், பிஸ்டன் வளையமும் தாங்கிகளும் நசுக்கும் வேகத்தில், ஒயில் எவ்வளவு தடிப்பைத் தக்கவைக்கிறது என்பது அது. இதில், மில்லிபாஸ்கல்-விநாடி அளவில், 10டபிள்யூ-30க்குக் குறைந்தபட்சம் 2.9, 10டபிள்யூ-40க்கு 3.5, 20டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் 3.7. கராஜில் சொல்லப்படும் தடிப்பு வாதத்தை இந்த எண்கள் பாதி ஏற்கின்றன, பாதி மறுக்கின்றன. 30இலிருந்து 40க்குப் போவது பெரிய தாண்டல். 40இலிருந்து 50க்குப் போவது, விதிப்படி கட்டாயமான அளவை மட்டும் பார்த்தால், மிகச் சிறியது. நடைமுறையில் 50 கிரேட் ஒயில்கள் இந்த அடிமட்டத்தைவிட நன்றாகவே மேலே நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் 40ஐ ‘தண்ணி ஒயில்’ என்று தள்ளுவதற்கு நியாயமில்லை.

அப்படியானால் 50 எதற்கு? நான் இதற்கு ஏற்கும் காரணம் வேறு. புதிய ஒயிலை வைத்துக் கிரேட்டைத் தேர்வதே தவறான தொடக்கம். 2,000 கிலோமீற்றர் ஓடிய ஒயில் எப்படி இருக்கும் என்பதே கேள்வி. பலகிரேட் ஒயிலில் வெப்பத்தின்போது தடிப்பைத் தாங்கிப் பிடிக்க நீண்ட பொலிமர் இழைகளைக் கலக்கிறார்கள். இடியப்பச் சிக்கலைக் கத்தியால் வெட்டுவதுபோலக் கியர்ப் பற்கள் இந்த இழைகளை வெட்டிக்கொண்டே இருக்கின்றன. இழைகள் குறுகக் குறுக ஒயில் மெலிகிறது. கார் எஞ்சினுக்குள் இந்த அளவு வெட்டு இல்லை. ஜாஸோவும் இதை அறிந்தே விதி எழுதியிருக்கிறது: வெட்டுச் சோதனைக்குப் பின் 40 கிரேட் ஒயில் 12.0க்குக் கீழே போகக்கூடாது, 50 கிரேட் 15.0க்குக் கீழே போகக்கூடாது. இதைத் திருப்பிப் படித்தால், 50 என்று விற்கப்பட்ட ஒயில் பயணத்தின் நடுவில் 40 ஆகிவிட்டாலும் முத்திரைக்குக் குற்றமில்லை. 30 கிரேட்டோ 9.0 வரை இறங்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மூட்டை கட்டி வந்து, நக்கிள்ஸ் மலையைச் சுற்றி, லக்கலை வழியாக வஸ்கமுவப் பக்கம் இறங்கித் திரும்புகிறவர் 50 போட்டால், வாங்குவது இன்றைய தடிப்பை அல்ல. மெலிந்த பிறகும் கையில் நிற்கக்கூடிய தடிப்பை. கியர் விழுவதில் ஒரு சொரசொரப்பும் நியூட்ரல் பிடிப்பதில் இழுபறியும் தொடங்கினால், ஒயில் மெலிந்துவிட்டதென்று முதலில் ஐயப்படலாம்.

இந்த இடத்தில் மினரல் ஒயிலுக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். 20டபிள்யூ-40இல் 20க்கும் 40க்கும் இடையே உள்ள தூரம் குறைவு. அதை நிரப்பப் பொலிமர் குறைவாகவே போதும். வெட்டுப்பட இழை குறைவென்றால் மெலிவதும் குறைவு. 10டபிள்யூ-50 என்று அகல விரித்த ஒயிலில் அடிப்படை எண்ணெய் நன்றாக இல்லையென்றால் பொலிமர்தான் பாதி வேலையைச் செய்ய வேண்டும். மலிவான அகலக் கிரேட்டை விட நேர்மையான 20டபிள்யூ-40 மினரல் ஒயில் ஏற்றத்தில் நீண்ட நேரம் தன் சொல்லைக் காக்கும். சிந்தெட்டிக் என்ற சொல்லுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சொல்லே நம்பத்தக்கதாக இல்லை. அடிப்படை எண்ணெய்களை ஏபிஐ ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. நான்காவது குழு ஆய்வுக்கூட வேதியியலில் உருவாகும் பிஏஓ. மூன்றாவது, கச்சா எண்ணெயை ஐதரசன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்தது. 1999இல் அமெரிக்காவில், மூன்றாம் குழு எண்ணெயைக் கொண்ட காஸ்ட்ரோல் சின்டெக் தன்னைச் சிந்தெட்டிக் என்று சொல்லலாமா என மொபில் நிறுவனம் விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பிடம் முறையிட்டது. தீர்ப்பு காஸ்ட்ரோலுக்குச் சாதகமாயிற்று. அதன்பின் அமெரிக்கச் சந்தையிலும் அதைப் பின்பற்றிய பல சந்தைகளிலும் ‘ஃபுல் சிந்தெட்டிக்’ என்பதற்குள் மூன்றாம் குழுவும் அடங்கிவிட்டது. மூன்றாம் குழு எண்ணெய் தரக்குறைவானது என்று நான் சொல்லவில்லை. நல்ல மூன்றாம் குழு ஒயில் வெப்பத்தில் மினரலை எளிதாக வெல்லும். ஆனால் அந்த இரண்டு சொற்களைக் கொண்டு டின்னுக்குள் இருப்பது எது என்று தீர்மானிக்க முடியாது. ‘செமி சிந்தெட்டிக்’ நிலைமை இன்னும் மோசம். எத்தனை சதவீதம் கலந்தால் அப்படி அழைக்கலாம் என்பதற்கு உலகப் பொதுவான விதி எதுவும் இல்லை.

சிந்தெட்டிக்கின் உண்மையான பலம் வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் நிற்பதில் இருக்கிறது. ஒயில் வெப்பம் 10 பாகை கூடினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலார் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. தம்புள்ளைச் சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு இது பெரிய விஷயம். ஆனால் நம்மவர் பலர் மினரலாக இருந்தாலும் சிந்தெட்டிக்காக இருந்தாலும் 2,500, 3,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுகிறார்கள். பல மாதம் தாங்கக்கூடியதை இரட்டை விலைக்கு வாங்கி, கெடுவதற்கு முன்பே வடித்துவிட்டால் அந்தக் கூடுதல் பணம் வடித்த ஒயிலோடு போகிறது. சிந்தெட்டிக் போடுகிறவர் கைநூல் அனுமதிக்கும் முழுத் தூரமும் ஓட்ட வேண்டும். இல்லையேல் மினரலை வாங்கி அடிக்கடி மாற்றலாம். இரண்டும் நியாயமான வழிகள். நடுவில் நின்று இரண்டு செலவையும் செய்வதற்கு மட்டும் நியாயம் இல்லை.

டீசல் ஒயில் பற்றிய வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றிலும் லொறிகளும் கைட்ராக்டர்களும் நிறைந்த கடைகளில் 15டபிள்யூ-40 டீசல் ஒயில் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதைப் பைக்குக்கு ஊற்றுகிறவர்கள் அறிவில்லாமல் செய்வதில்லை. டீசல் ஒயிலில் உராய்வு குறைக்கும் சேர்மானம் வழக்கமாக இல்லை, அழுக்கைக் கரைக்கும் சக்தி அதிகம், தேய்மானக் காப்பும் உண்டு. கிளட்ச் பெரும்பாலும் வழுக்காது. சில டீசல் ஒயில்கள் ஜாஸோ எம்ஏ தகுதியையும் டின்னில் காட்டுகின்றன. அவற்றை அவசரத்துக்குப் போடலாம் என்பதே என் முடிவு. முத்திரை இல்லாதவை வேறு கதை. சாம்பல் மிகுந்த சேர்மானங்கள் சிறிய பெற்றோல் எஞ்சினின் எரியறையில் படிவது ஒரு கவலை. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஒயிலில் எது கலந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய கவலை.

கலப்படத்தைப் பற்றிப் பேசாமல் இலங்கையில் ஒயில் பற்றி எழுதுவது பாதி எழுத்துதான். 1994இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் மசகெண்ணெய்ப் பிரிவு தனியார்மயமாகி, பின்னர் சந்தை படிப்படியாகத் திறந்தது. இன்று கால்டெக்ஸ், சேர்வோ, காஸ்ட்ரோல், மொபில், ஷெல், மோட்டுல் எனத் தட்டு நிறைய டின்கள். இறக்குமதி செய்யவும் கலந்து தயாரிக்கவும் அனுமதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே ஈடுபடலாம், சந்தையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கண்காணிக்கிறது. ஆனாலும் வெற்று டின்னைப் பொறுக்கி, பழைய ஒயிலைத் தெளியவைத்து நிரப்பி விற்பவன் எந்த அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. 2022இல் ரூபாய் சரிந்து ஒயில் விலை ஏறியபின் அவனுடைய இலாபமும் ஏறியது. ஜாஸோ முத்திரையும் உற்பத்தியாளர் தாமே சோதித்துப் பதிவு செய்து அச்சிடுவது. ஒவ்வொரு டின்னையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இதனால்தான், விலை உயர்ந்த ஒயிலை நம்பமுடியாத கடையில் வாங்குவதைவிட, நடுத்தர ஒயிலை அனுமதி பெற்ற முகவரிடம் வாங்குவதை நான் பல மடங்கு உயர்வாக வைக்கிறேன். மூடியின் அடிப்பக்க முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒயிலைக் கண்முன்னே ஊற்றச் சொல்ல வேண்டும். ஊற்றிய டின்னைக் கராஜில் விட்டுவராமல் அங்கேயே ஆணியால் துளையிட வேண்டும். இந்தக் கடைசிச் செயல் நமக்காக அல்ல, அடுத்து வாங்குகிறவருக்காக.

வண்டிக்கு வண்டி தீர்ப்பு மாறும். பல்சர் 150 வகையிலான காற்றுக் குளிர்ச்சி ஒற்றைச் சிலிண்டர்களுக்கு பஜாஜ் சொல்வது 20டபிள்யூ-50. மாத்தளைக்கு அது சரியான தேர்வு. நல்ல மினரல் அல்லது செமி சிந்தெட்டிக், எம்ஏ2, 3,000 கிலோமீற்றருக்குள் மாற்றம். ஃபுல் சிந்தெட்டிக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை இங்கே நான் நியாயப்படுத்த மாட்டேன். யமஹா எஃப்இசட் போன்றவற்றுக்கு 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40. கைநூலின் வெப்ப அட்டவணை 20டபிள்யூ-50ஐயும் அனுமதித்தால், இருவர் மூட்டையோடு மலையேறும் பயணத்துக்கு மட்டும் அதைத் தேர்வதில் தவறில்லை. றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411க்கு 15டபிள்யூ-50. ஒயில் குளிர்விப்பானும் பெரிய கொள்ளளவும் உள்ள அந்த எஞ்சின் நெடுந்தூரம் மாற்றமின்றி ஓடுவதற்கே கட்டப்பட்டது, ஆகவே சிந்தெட்டிக்கின் பலம் அங்கே வீணாவதில்லை. கேடிஎம் 390 போல நீரால் குளிரும், உயர் சுழற்சி எஞ்சின்களுக்குச் சிந்தெட்டிக் பற்றி விவாதமே தேவையில்லை, கைநூல் கேட்பதைத் தரத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் சிக்கலாகத் தோன்றுவது 10டபிள்யூ-30 கேட்கும் ஹொண்டா பைக்குகள். மேலே சொன்ன எண்களெல்லாம் 30க்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. கராஜில் 20டபிள்யூ-50 ஊற்றிவிடச் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. அந்த எஞ்சினின் ஒயில் வழிகளும் பம்பும் இடைவெளிகளும் மெல்லிய ஒயிலுக்காகவே கணக்கிடப்பட்டவை. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் தலைப்பகுதி வெப்பத்தைக் கீழே கொண்டுவருவதும் ஒயில்தான். மந்தமாக ஓடும் ஒயில் படலத்தைத் தடிப்பாக்கினாலும் வெப்பத்தை மெதுவாகவே இறக்கும், தானே உராய்ந்து கொஞ்சம் வெப்பத்தைக் கூட்டவும் செய்யும். கைநூலில் 10டபிள்யூ-40க்கு இடமிருந்தால் மலைப்பயணத்துக்கு அதைப் போடுங்கள். இடமில்லையென்றால் 10டபிள்யூ-30 எம்ஏ ஒயிலையே, அதில் மட்டும் ஃபுல் சிந்தெட்டிக்காகப் பார்த்து வாங்கி, 2,500 கிலோமீற்றரில் மாற்றிவிடலாம். ஃபுல் சிந்தெட்டிக்கைக் குறுகிய தூரத்தில் மாற்றச் சொல்வது இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். மெலிவதற்கு இடமே இல்லாத கிரேட்டில் அடிப்படை எண்ணெயின் தரம்தான் மிஞ்சும் காப்பு.

ஒயிலை மாற்றுவது பயணத்துக்கு முன்னா பின்னா என்பதில் பலர் பின்னால் மாற்றுவதையே சிக்கனமாக நினைக்கிறார்கள். மாற்றத்துக்கு இன்னும் 1,000 கிலோமீற்றருக்கு மேல் மிச்சமிருந்தால் அவர்கள் சொல்வது சரி. அதற்குக் குறைவாக இருந்தால், இழைகள் வெட்டுப்பட்ட ஒயிலோடு ரிவஸ்டன் ஏறுவதாகவே முடியும். முன்னால் மாற்றுங்கள். அதுவும் புறப்படும் நாள் காலையில் வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்பாகவே. வடிகால் ஆணி கசிகிறதா, மட்டம் இறங்குகிறதா என்பது ஊருக்குள் ஓடும்போதே தெரிந்துவிட வேண்டும், இலுக்கும்புரைக் காட்டுப்பாதையில் அல்ல.